செஸ்ஸில் பலசாலி, போக்கரில் ஏன் தடுமாறுகிறார்?

கறுப்பு யானை கேட்டது:
செஸ்ஸில் 2000 ரேட்டிங்கைத் தாண்டியவர்கூட நோ-லிமிட் ஹோல்டெமுக்கு (ஆளுக்கு 2 மறைசீட்டு, மேசையில் 5 பொதுச்சீட்டு, பந்தயத்துக்கு வரம்பில்லாத போக்கர் வகை) வந்த புதிதில் திணறுவது ஏன்? டேன் ஹாரிங்டன் 1971இல் மாசசூசெட்ஸ் மாநில செஸ் சாம்பியன். 1995இல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியையே வென்றார். ஆக, இந்தப் பாதை அடைபட்டதல்ல. செஸ் பழக்கத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்?

நாலாம் வரிசை:
முதலில் விட வேண்டியது, முடிவை வைத்து ஆட்டத்தை எடைபோடும் பழக்கம். செஸ்ஸில் 400 ரேட்டிங் கூடுதலாக உள்ளவர் 11 ஆட்டத்தில் 10 புள்ளி எடுப்பார். தோற்றால் எங்கோ பிழை, தேடினால் அகப்பட்டுவிடும்.

போக்கரில் 100 கைக்கு (ஒரு தடவை சீட்டுப் பகிர்ந்து ஆடி முடிப்பது ஒரு கை) 5 பெரிய பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் தொகை) லாபம் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அந்த 100 கையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு) 90 பிளைண்ட் அளவுக்கு இருக்கும். 10,000 கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500, விலக்கம் 900. அத்தனை கை ஆடியும் அவர் நஷ்டத்தில் நிற்க 29 சதவீத வாய்ப்பு உண்டு! 1,00,000 கை ஆடினால்தான் அது 4 சதவீதமாகிறது. சரியாக ஆடித் தோற்ற கைக்காக ஆட்டத்தை மாற்றுவது ஒரு கேடு. தப்பாக ஆடி ஜெயித்ததைத் திறமை என்று நம்புவது அதைவிடப் பெரிய கேடு, ஏனென்றால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சீட்டுக்கட்டு:
இன்னொன்று, "இந்த நிலையில் சிறந்த நகர்த்தல் எது" என்ற கேள்வி. செஸ்ஸில் ஒரே நிலைக்கு எப்போதும் ஒரே பதிலைச் சொன்னாலும் தப்பில்லை. போக்கரில் நல்ல கைக்கு மட்டுமே பந்தயம் கட்டினால் எதிராளி விலகிக்கொள்வார், உங்களுக்குக் காசு வராது. கடைசிச் சீட்டில் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் தொகை) 1000 இருக்க 1000 கட்டுகிறீர்கள் என்றால், இரண்டு நல்ல கைக்கு ஒரு பிளஃப் (மோசமான கையை நல்லதுபோலக் காட்டிக் கட்டுவது) வேண்டும். 500 மட்டும் கட்டினால் மூன்றுக்கு ஒன்று. காரணம் எளிது: 500 போட்டு 1500 எடுக்கப் பார்க்கும் எதிராளிக்கு நாலில் ஒரு தடவை ஜெயித்தால் கணக்கு சரியாகிவிடும்.

செஸ்ஸிலிருந்து அப்படியே கொண்டுவரக்கூடியது, எதிராளியின் சாத்தியங்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஒழுங்கு. மேசையில் ஏஸ், 9, 4 விழுந்திருக்கிறது. எதிராளியிடம் இரட்டை ஏஸ் 3 விதம், ஏஸ்-கிங் 12 விதம், இரட்டை கிங் 6 விதம் இருக்கலாம். உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தால் 3 என்பது 1 ஆகும், 12 என்பது 8 ஆகும், 6 மாறாது. செஸ்காரர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வது இதைத்தான்.

கறுப்பு யானை:
ஃபிளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறையும்போது 35 சதவீத வாய்ப்பு என்கிறார்களே, அதை வைத்துப் பணம் போடலாமா?

நாலாம் வரிசை:
அங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். முதல் மூன்று சீட்டு விழுந்ததும் பாட் 1000, எதிராளி 500 கட்டுகிறார். உங்கள் 500ஐயும் சேர்த்தால் 2000. ஆக, 25 சதவீதம் தேவை. ஆனால் அடுத்த சீட்டில் ஃபிளஷ் வர வாய்ப்பு, கண்ணில் படாத சீட்டு 47இல் 9, அதாவது 19 சதவீதம். 35 என்பது இன்னும் இரண்டு சீட்டையும் மேற்கொண்டு காசு கொடுக்காமல் பார்த்தால் கிடைப்பது. யாராவது ஆல்-இன் போயிருந்தால்தான் (தன் சில்லு முழுவதையும் கட்டியிருந்தால்தான்) பொருந்தும். மற்ற நேரங்களில், ஃபிளஷ் வந்த பிறகு எதிராளியிடமிருந்து சராசரியாக இன்னும் 600க்கு மேல் பெயர வேண்டும். அவர் முன்னால் அவ்வளவு சில்லு இல்லையென்றால் கையைப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

சீட்டுக்கட்டு:
பயிற்சி எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 சட்டம் தடைசெய்துவிட்டது. பணமில்லாச் சில்லு மேசைகளில் எல்லோரும் எந்தப் பந்தயத்துக்கும் விலகாமல் ஈடாகப் போடுவதால் பிளஃப் பழக முடியாது. அங்கே பாட் விகிதத்தையும் கை எண்ணிக்கையையும் மட்டும் பழகுங்கள். பிளஃப் விகிதத்தை சால்வர் (சரியான ஆட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டும்) மென்பொருளில் பாருங்கள். ஒரே மேசைச் சீட்டை வைத்து, பந்தயத் தொகையை மட்டும் மாற்றிப் பத்து தடவை ஓட்டினால் அது மனசில் பதியும்.