மூடிய கார் டிரெய்லருக்கு எந்த ஹிட்ச் (வண்டியோடு இணைக்கும் அமைப்பு)? வெறும் குண்டு போதுமா, ஸ்பிரிங் பார் வேண்டுமா?

பழைய_விடெக்
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ரேஸுக்கு மாற்றிய பழைய ஹோண்டா சிட்டி விடெக் இருக்கிறது. கோவை கரி ஸ்பீட்வேக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் இதுவரை திறந்த லாரியில்தான் ஏற்றி அனுப்புகிறேன். தூசு, மழை, வழியில் நிறுத்தினால் எட்டிப் பார்க்கிற கூட்டம் எல்லாம் அலுத்துவிட்டது. பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில் மூடிய டிரெய்லர் கட்டச் சொல்லப் போகிறேன்: 20 அடி, இரட்டை ஆக்ஸில். காலியாக 1300 கிலோ, கார் 1000, டயர், ஜாக், டூல் பாக்ஸ் எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 2550. இழுக்கப் போவது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்.

பட்டறையில் வண்டியின் பின்னால் 50 மி.மீ. குண்டு (டிரெய்லர் முனை கவ்வி உட்காரும் இரும்பு உருண்டை) போட்டால் போதும் என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (குண்டிலிருந்து பின்னோக்கிப் போகும் ஸ்பிரிங் பார்களைச் சங்கிலியால் டிரெய்லரோடு இழுத்துக் கட்டுவது) இல்லாமல் மூடிய டிரெய்லரைத் தொடவே தொடாதே என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

டெக்சாஸ்_ரிட்டர்ன்
மச்சான் சொல்வதைக் கேளுங்கள். ஹூஸ்டனில் இருந்தபோது நான் இழுத்ததும் மூடிய டிரெய்லர்தான். 2550 கிலோவில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் உட்கார வேண்டும். அதாவது 255 முதல் 380 கிலோ வரை. இவ்வளவும் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், குண்டின் மேல் அழுத்தும்போது வண்டியின் முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணைக் குத்தும். ஸ்பிரிங் பார் போட்டால் அந்தப் பாரத்தில் ஒரு பகுதி முன் ஆக்ஸிலுக்கும், ஒரு பகுதி டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் திரும்பிப் போகும். கூடவே ஆட்டத்தை அடக்கும் அமைப்பும் உள்ள மாடலாக வாங்கிவிடுங்கள். திறந்த டிரெய்லர் என்றால் நான் இவ்வளவு அடம் பிடிக்க மாட்டேன். மூடியதற்குப் பக்கவாட்டில் பெரிய சுவர் இருக்கிறது, காற்று சும்மா விடாது.

ஓசூர்_ரோடு
சார், ஹூஸ்டனில் நம் சில்க் போர்டு சந்திப்பு கிடையாது. ஸ்பிரிங் பார் என்பது வண்டியையும் டிரெய்லரையும் ஒரே நேர்கோட்டில் விறைப்பாகப் பிடிக்கிற சாமான். நம் ஊர் ஹம்ப் (வேகத்தடை) மேல் ஹைலக்ஸின் பின்சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தப் பார், ரிசீவர் (வண்டியின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் சட்டம்), ஏ-ஃப்ரேம் (டிரெய்லரின் முன்பக்க முக்கோணச் சட்டம்) மூன்றும் என்ன பாடுபடும்? பெட்ரோல் பங்க் சரிவில் ஏறினாலே முறுக்கு விழும். அதுவும் ரிசீவரை இங்கே பம்பர் பிராக்கெட்டில் நாலு போல்ட் போட்டு மாட்டித் தருகிறார்கள். நேராகக் கீழே அழுத்துகிற பாரத்தையே அது தாங்குமா என்று சந்தேகம், அதில் நெம்புகோல் போட்டு முறுக்கச் சொல்கிறீர்கள்.

என் வாதம் இதுதான்: நல்ல 50 மி.மீ. குண்டு, சேஸிஸில் பிடித்த ரிசீவர், டிரெய்லரில் முறையான பிரேக். ஐரோப்பாவில் 3500 கிலோ வரை பெரும்பாலும் இப்படித்தான் இழுக்கிறார்கள். ஸ்பிரிங் பார் அங்கே அபூர்வம்.

டெக்சாஸ்_ரிட்டர்ன்
ஐரோப்பாவில் மூக்குப் பாரமே குறைவு. நாலைந்து சதவீதத்தில் ஓட்டுகிறார்கள். அதற்கேற்ற மாதிரி டிரெய்லரைக் கட்டி, வேகத்தையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். பாதியை அங்கிருந்தும் பாதியை இங்கிருந்தும் எடுத்தால் ஒன்றும் உருப்படாது.

லாரியே_போதும்
மூடிய கன்டெய்னர் லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து ராம்ப் போட்டு ஏற்றிவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. ஓட்டுகிறவனுக்குத் தூக்கமும் மிச்சம்.

பழைய_விடெக்
அண்ணா, அதற்குத் தனி இழை இருக்கிறது. :)

ரேவதி_பிடிஎம்
இரண்டு பேரும் சதவீதத்தை வைத்தே சண்டை போடுகிறீர்கள், கிலோவில் பார்ப்போம். ஹைலக்ஸின் வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே உள்ள தூரம்) 3085 மி.மீ. பின் ஆக்ஸிலிலிருந்து குண்டு வரை 1.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மாட்டிய பிறகு அளந்து திருத்திக்கொள்ளலாம். மூக்கில் 260 கிலோ என்றால், 260-ஐ 1.3-ஆல் பெருக்கி 3.085-ஆல் வகுத்தால் 110. முன் ஆக்ஸிலிலிருந்து 110 கிலோ காணாமல் போகிறது. பின் ஆக்ஸிலில் 260 அல்ல, 370 கிலோ ஏறுகிறது. முன் ஆக்ஸிலில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போகிறது என்பதால் இது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை. அந்த அளவில் டெக்சாஸ் சார் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஸ்பிரிங் பாரை இறுக்க இறுக்க நல்லது என்ற நினைப்பு தப்பு. போன 110-ல் பாதியளவு திரும்பி வந்தால் போதும் என்றுதான் இப்போது பல வண்டி நிறுவனங்களின் கையேடுகளே சொல்கின்றன. முழுக்கத் திருப்பி, அதற்கு மேலும் இறுக்கினால் பின் டயரின் பாரம் குறைந்து, வளைவில் பின்பக்கம் விலகப் பார்க்கும். முன்பக்கம் சமமாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படுகிற இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இன்னொன்று. வால் ஆட்டத்துக்கு முதல் காரணம் பாரம் பின்னால் இருப்பது. குண்டிலிருந்து டிரெய்லர் ஆக்ஸில்களின் நடு வரை 4.5 மீட்டர் என்றால், காரை 10 செ.மீ. முன்னால் நகர்த்தினாலே மூக்கில் சுமார் 22 கிலோ கூடும். 250 கிலோ சாமானை ஆக்ஸிலுக்கு 2 மீட்டர் முன்னால் வைத்தால் 110 கிலோ கூடும், அதையே 2 மீட்டர் பின்னால், கதவோரம் வைத்தால் 110 கிலோ குறையும். இடைவெளி 220 கிலோ! டூல் பாக்ஸைத் தப்பான மூலையில் வைத்துவிட்டு எந்த ஹிட்ச்சை மாட்டினாலும் வேலைக்கு ஆகாது.

ஓசூர்_ரோடு
அப்படிச் சொல்லுங்க மேடம்.

டெக்சாஸ்_ரிட்டர்ன்
பாரத்தைச் சரியாக வைப்பதை நான் வேண்டாம் என்று சொன்னேனா? சரியாக வைத்த பிறகும் காற்று இருக்கிறதே. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு பஸ் உங்களைத் தாண்டும்போது முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் ஸ்பிரிங் பாரின் உராய்வு ஆட்டத்தை முளையிலேயே அமுக்கும்.

ஓசூர்_ரோடு
அந்த நேரத்தில் எனக்கு வேண்டியது டிரெய்லர் பிரேக் மட்டும் தனியாகப் பிடிக்கிற லீவர். ஆட்டம் வந்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடு. டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். பதறிப்போய் வண்டியின் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், முடிந்தது கதை.

பட்டறை_மணி
நான் கட்டுகிற ஆள், அதனால் என் பங்குக்கு. இந்த லீவர் வேண்டும் என்றால் எலெக்ட்ரிக் பிரேக்தான் போட வேண்டும். இங்கே கேட்கிறவர்களுக்கு நாங்கள் வழக்கமாகப் போட்டுத் தருவது ஓவர்ரன். வண்டி பிரேக் பிடித்தால் டிரெய்லர் முன்னால் முட்டும், அந்த முட்டலில் கப்ளர் (குண்டைக் கவ்வும் டிரெய்லர் முனை) உள்ளே போய்ப் பிரேக்கை அமுக்கும். வயரிங் கிடையாது, செலவு குறைவு. ஆனால் இரண்டு சங்கடம்.

ஒன்று, ஓவர்ரன் கப்ளர் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஸ்பிரிங் பாரின் சங்கிலி அதை இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்பதற்கு, அந்தக் கப்ளர் செய்தவனும் ஹிட்ச் செய்தவனும் எழுத்தில் சரி என்று சொன்னால்தான் சரி. இரண்டாவது, தொப்பூர் மலை இறக்கம். தர்மபுரி தாண்டிச் சேலம் பக்கம் இறங்கும்போது கியரில் பிடித்து இறக்குவீர்கள். டிரெய்லர் வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே வரும், ஓவர்ரன் பிரேக்கும் வழி முழுக்கப் பிடித்துக்கொண்டே வரும். கீழே போய் டிரம்மைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

ஓசூர்_ரோடு
தொப்பூரில் லாரிகள் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி மோதுகிற கதை எல்லோருக்கும் தெரியும். எனவே கியரில் இறங்குவதை விட முடியாது. சரி மணி அண்ணே, எலெக்ட்ரிக் பிரேக் பக்கம் நானும் வந்துவிட்டேன். ஆஸ்திரேலியாவில் 2000 கிலோவுக்கு மேல் ஓவர்ரன் கூடாது, எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், கழன்றால் தானாகப் பிடிக்கிற பிரேக்அவே வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் ஆள் 2550.

டெக்சாஸ்_ரிட்டர்ன்
அதே ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கிறவர்கள் ஸ்பிரிங் பாரும் போடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

ரேவதி_பிடிஎம்
ஆஸ்திரேலியா என்றதும் ஞாபகம் வந்தது. அங்கே ஹைலக்ஸுக்குப் பிரேக் உள்ள டிரெய்லர் 3500 கிலோ வரை என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து இங்கே தெம்பாக இருக்க வேண்டாம். உங்கள் வண்டியோடு வந்த மேனுவலில் இழுவை பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், தனிப் பதிவு வேண்டும். கட்டி முடித்த பிறகு ஆர்.டி.ஓ. வாசலில் நிற்காதீர்கள், கட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு போய்ப் பேசுங்கள்.

மாகடி_மைனர்
கூஸ்நெக் யாரும் பேசவில்லையே? பிக்கப் தொட்டிக்குள் பின் ஆக்ஸில் மேலேயே பாரம் உட்காரும், முன்பக்கம் தூக்காது.

பட்டறை_மணி
டபுள் கேப் ஹைலக்ஸின் தொட்டி குட்டை தம்பி. இறுக்கமாக ஒடித்தால் டிரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடியைப் பெயர்க்கும். தொட்டியில் வேறு எதையும் வைக்கவும் முடியாது. விடுங்கள்.

அதை விட முக்கியமானது ஒன்று. கப்ளரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அது 2 அங்குலக் குண்டுக்கானது, அதாவது 50.8 மி.மீ. இங்கே கிடைப்பது 50. மாட்டிப் பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் அந்த 0.8 இடைவெளியில் ஹம்ப்புக்கு ஹம்ப் குதிக்கும். குண்டின் தலையில் அளவு பொறித்திருப்பார்கள், அதைப் பார்த்து ஒரே அளவாக வாங்குங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அதன் மேல் விழும்.

பழைய_விடெக்
இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் நானே ஒரு முடிவுக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் பிரேக், பிரேக்அவே, சேஸிஸில் பிடித்த ரிசீவர், இந்த மூன்றும் இப்போதே. ஸ்பிரிங் பார் இப்போது வாங்கவில்லை. டிரெய்லர் வந்ததும் ஓசூர் ரோட்டில் எடை மேடையில் ஏற்றி, முன் ஆக்ஸில் எவ்வளவு இழக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.

டெக்சாஸ்_ரிட்டர்ன்
இரண்டு தடவை செலவு செய்யப் போகிறீர்கள், எனக்குச் சம்மதமில்லை. எடை போட்ட அன்றே வாங்குவீர்கள் பாருங்கள். அப்படியாவது ரிசீவரை ஸ்பிரிங் பாரின் முறுக்கும் தாங்குகிற மாதிரியே வாங்குங்கள். பாரையும் கையில் கிடைப்பதை வாங்காமல் மூக்குப் பாரத்துக்குப் பொருந்துவதாகப் பாருங்கள், தேவைக்கு மேல் முரடான பார் வண்டியை உலுக்கி எடுக்கும். மணி அண்ணே, ஏ-ஃப்ரேமில் இடம் விடுவீர்களா?

பட்டறை_மணி
விடலாம். குண்டிலிருந்து பின்னால் எவ்வளவு?

டெக்சாஸ்_ரிட்டர்ன்
சங்கிலி மாட்டுகிற பிராக்கெட் 70, 80 செ.மீ. தள்ளி வரும். அது வரைக்கும் இரண்டு பக்கமும் ஜாக், ஸ்டெப்னி, பேட்டரிப் பெட்டி எதையும் வெல்ட் பண்ணாதீர்கள்.

பட்டறை_மணி
அப்போ பேட்டரிப் பெட்டியை உள்ளே முன் சுவரில் வைத்துவிடுகிறேன். ஏ-ஃப்ரேம் சேனலை ஒரு சைஸ் கனமாகப் போட வேண்டியிருக்கும், காலி எடையில் 20 கிலோ கூடும். விடெக் சார், சரி என்றால் சொல்லுங்கள், திங்கட்கிழமை இரும்பு வெட்டுகிறோம்.

பழைய_விடெக்
சரி, வெட்டுங்கள்.