புதுப்பிப்பு: கோர்தோபா வீட்டு முற்றத்தில் உயரத்துப் பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை

ஸ்பெயினின் கோர்தோபா நகரில் மே மாதத் திருவிழாவின்போது வீட்டுக்காரர்கள் தங்கள் உள்முற்றங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். சுவரில் இரண்டு ஆள் உயரத்தில் மாட்டியிருக்கும் சட்டிகளுக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சான் பசிலியோ பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தை நேரில் பார்த்துவிட்டதால் இப்போது பதில் சொல்ல முடிகிறது.

நீண்ட கழி ஒன்றின் நுனியில் சிறிய தகர டப்பாவைப் பொருத்தி, அதில் தண்ணீரை மொண்டு, கழியை நிமிர்த்திச் சட்டியின் வாயருகே கொண்டுபோய் மெல்லச் சாய்க்கிறார்கள். அந்த வீட்டு அம்மா ஒரு சொட்டுகூட வெள்ளைச் சுவரில் வழியாமல் ஊற்றியதைப் பார்த்தபோது, ஏணியோ குழாயோ தேவையில்லை என்பது புரிந்தது. குழாயின் வேகம் சின்னச் சட்டியின் மண்ணைப் பறித்துவிடும் என்பது தோட்டம் வைத்திருப்போருக்குத் தெரிந்ததுதான்.

சட்டிகள் மண்ணால் ஆனவை. அனைத்துக்கும் ஒரே நீல வண்ணம் பூசி, இரும்பு வளையங்களில் செருகியிருக்கிறார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்த நீலமும், அதன்மேல் தொங்கும் கொடி ஜெரேனியத்தின் சிவப்பும் பளிச்சென்று தெரிகின்றன. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால், இந்த அழகு மே மாதத்தோடு முடியாத தினசரி உழைப்பு.

1921இல் தொடங்கிய இவ்விழாவை யுனெஸ்கோ 2012இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து கூட்டம் அதிகம். விழாவில் நடக்கும் சிறந்த முற்றத்துக்கான போட்டியில் கலந்துகொள்ளும் முற்றங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நண்பகலுக்குப் பின் சில மணிநேரம் கதவடைப்பார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.