கவரிங் நெக்லஸும் கடைசி வரியும்: வகுப்பில் முரண்நகை நடத்திய அனுபவங்கள்

வகுப்பறை ஜன்னல்:
சூழ்நிலை முரண்நகையை, அதாவது எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்து முடிவதை, எந்தக் கதையை வைத்து நடத்துகிறீர்கள்? வரையறையைப் போர்டில் எழுதிப் போட்டால் அழகாக ஒப்பிக்கிறார்கள். உதாரணம் கேட்டால் "கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யறது" என்கிறார்கள். அது வெறும் துரதிர்ஷ்டம். உங்கள் வகுப்பில் நடந்ததை எழுதுங்களேன்.

மலைக்கோட்டை டீச்சர்:
நான் எப்போதும் எடுப்பது பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' சிறுகதை. 1884-ல் பாரிஸ் பத்திரிகை ஒன்றில் வந்தது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கல்வி அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருப்பவனின் மனைவி மதில்டா. ஒரு பெரிய விருந்துக்காகத் தோழி ஃபாரஸ்டியரிடம் வைர நெக்லஸை இரவல் வாங்குகிறாள், தொலைத்துவிடுகிறாள். உண்மையைச் சொல்லாமல், அதே மாதிரி ஒன்றை 36,000 ஃபிராங்குக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். பாதிப் பணம் அவன் அப்பா விட்டுப்போனது, மீதி முழுக்கக் கடன். வட்டிக்காரர்களிடம் வாங்கியதை அடைக்கப் பத்து வருடம் ஆகிறது. வேலைக்காரியை நிறுத்தியாகிவிட்டது, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் சுமப்பதும் மதில்டாதான். கைகள் காய்த்துப்போகின்றன.

கடன் முடிந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஃபாரஸ்டியரைப் பார்க்கிறாள். நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரிக்கிறாள். நான் புத்தகத்தை மூடுவது இந்த இடத்தில்தான். "அவ இப்ப என்ன சொல்வா?" என்று கேட்பேன். ஆளுக்கொன்று சொல்வார்கள். மன்னிப்புக் கேட்பாள், காசு கொடுப்பாள், "நான் அதை எப்பவோ வித்துட்டேனே" என்பாள். எல்லாம் வந்து ஓய்ந்தபிறகு கடைசி வரியைப் படிப்பேன்: என்னுடையது போலி, மிஞ்சிப்போனால் ஐந்நூறு ஃபிராங்க் பெறும்.

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ஒருமுறை பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அய்யய்யோ, கவரிங்கா மிஸ்!" என்றாள். வகுப்பே தலையில் கை வைத்துக்கொண்டது.

ஆனால் பாடம் அத்தோடு முடிந்தால் அது வெறும் திடுக்கிடும் திருப்பம்தான். அடுத்த நாள் அதே கதையை முதலிலிருந்து படிக்கச் சொல்வேன், போலி என்று தெரிந்துகொண்டு. அப்போதுதான் மாப்பசான் எங்கெங்கே குறிப்பு விட்டு வைத்திருக்கிறார் என்பது பிடிபடும். பெட்டியின் உள்ளே பெயர் போட்டிருக்கும் நகைக்கடைக்குப் போய்க் கேட்கிறார்கள். கடைக்காரர், "நெக்லஸை விற்றது நான் இல்லை, பெட்டி மட்டும்தான் என்னுடையதாக இருக்கும்" என்கிறார். அப்போதே விஷயம் வெளியே வந்தாயிற்று. யாருக்கும் உறைக்கவில்லை. இன்னொன்றை ஒரு பிள்ளைதான் எடுத்துக்கொடுத்தாள்: "எங்க சித்தி ஒரு கம்மல் இரவல் குடுத்து வாங்கினாலே திருகாணி இருக்கான்னு பார்த்துதான் உள்ள வைப்பாங்க மிஸ். இந்தம்மா பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கலையே!" ஆமாம், ஃபாரஸ்டியர் திறக்கவே இல்லை. திறந்துவிடுவாளோ என்று மதில்டா பயப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறார். திறந்து, கல்லைப் பார்த்துத் திகைத்து, "இது என்னுடையது இல்லையே" என்று சொல்லியிருந்தால் பத்து வருடமும் மிச்சம்.

வகுப்பறை ஜன்னல்:
திருகாணி அபாரம்! எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பது வேறு: "அசல் நெக்லஸ் இப்ப அந்தம்மா கிட்டதானே இருக்கு, திருப்பிக் கேட்டா என்ன?" உங்களிடமும் கேட்கிறார்களா?

மலைக்கோட்டை டீச்சர்:
கேட்காமலா! கேட்கட்டும். நெக்லஸ் திரும்பி வரலாம், கை திரும்பி வருமா என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். மாப்பசான் அந்த வரியோடு பேனாவை மூடிவிட்டார், நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

ஒன்பதாம் வகுப்பு சி:
எனக்கு இந்தக் கதையில் ஒரு வருத்தம் உண்டு, கதை மீது இல்லை, நடத்தும் விதத்தின் மீது. நோட்ஸில் எல்லாம் 'கருத்து: பேராசை பெருநஷ்டம்' என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிச் சொன்ன நிமிடமே முரண்நகை செத்துப்போகிறது. ஆசைப்பட்டாள், தண்டனை கிடைத்தது என்றால் எதிர்பார்த்ததுதானே நடந்திருக்கிறது, இதில் முரண் எங்கே? இவர்களைச் சாய்த்தது ஆசையைவிட மானம். தோழியிடம் "கொக்கி உடைந்துவிட்டது, சரி செய்யக் கொடுத்திருக்கிறேன்" என்று எழுதச் சொல்வதே கணவன்தான், அவள் அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். பிறகு நாணயமாகக் கடைசிக் காசு வரை அடைக்கிறார்கள். நாணயமாக நடந்ததுதான் அவர்களை அழித்தது. இதைச் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது.

கணக்கு வாத்தியார்:
நான் ஆங்கிலம் எடுப்பவன் இல்லை. ஆசிரியை லீவு என்று ஒரு பீரியடு போனேன், பாதிக் கதை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கணவன் ராத்திரியில் பக்கத்துக்கு ஐந்து சூ கூலிக்குப் படியெடுத்து எழுதுகிறான். இருபது சூ ஒரு ஃபிராங்க். அசல் கடன் 18,000-ஐ அதில் மட்டும் அடைக்க எத்தனை பக்கம்? 72,000, வட்டி தனி. போர்டில் இதைப் பார்த்ததும் ஒருவன் "சார், கை வலிக்குது" என்றான்.

இன்னொரு தொகையையும் பக்கத்தில் எழுதினேன். விருந்துக்கு மதில்டாவின் புது உடுப்புக்கு 400 ஃபிராங்க், கணவன் துப்பாக்கி வாங்கச் சேர்த்து வைத்த காசு. நெக்லஸின் உண்மை விலை அதிகபட்சம் 500. அதாவது, தொலைந்தது ஏறக்குறைய இன்னொரு உடுப்பின் விலை. கடைசி வரி தெரிந்தபிறகு இந்த இரண்டு எண்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாதிச் சம்பளம்:
எட்டாம் வகுப்புக்கு இது கனம். நான் அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் கிறிஸ்துமஸ் கதையோடு நிறுத்திக்கொள்கிறேன். கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க அவள் கூந்தலை விற்கிறாள், அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்க அவன் கடிகாரத்தை விற்கிறான். ஐந்து நிமிடத்தில் புரிகிறது, யாரும் அழுவதில்லை.

கல்லூரி வாத்தியார்:
கல்லூரியில் எடுப்பவர்களுக்கு ஒன்று. 'நெக்லஸ்' முடிந்ததும் அதே மாப்பசான் அதற்கு முந்தைய வருடம், 1883-ல், எழுதிய 'நகைகள்' கதையைக் கொடுங்கள். அப்படியே தலைகீழ். மனைவி கவரிங் நகைப் பைத்தியம் என்று கணவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் இறந்தபிறகு, காசு இல்லாமல், ஆறேழு ஃபிராங்க் தேறுமா என்று ஒரு நெக்லஸை எடுத்துக்கொண்டு போகிறான். கடைக்காரர் 18,000 தருகிறேன் என்கிறார். அத்தனையும் அசல்! குமாஸ்தா வீட்டுக்கு அசல் வைரம் எங்கிருந்து வந்தது என்று மாப்பசான் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கள் வகுப்பில் பையன்கள் திருதிருவென்று விழித்தார்கள், பெண்கள் அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கணவன் தெருவில் மயங்கி விழுகிறான், வீட்டுக்குப் போய் அழுகிறான், வெட்கப்படுகிறான், அப்புறம் மிச்ச நகைகளையும் விற்றுவிட்டு வேலையை விடுகிறான். ஆறு மாதத்தில் மறுமணம். இரண்டாவது மனைவி ஒழுக்கத்தில் தங்கம், குணத்தில் சிடுமூஞ்சி, அவனைப் படாதபாடு படுத்துகிறாள். கதை அவ்வளவுதான். "முதல்ல இருந்தவங்களே தேவலை போல சார்" என்றாள் ஒரு மாணவி. தேர்வில் அந்தக் கேள்விக்கு அவள் எழுதிய பதிலும் ஏறத்தாழ இதேதான், கொஞ்சம் நாகரிகமான ஆங்கிலத்தில். முழு மதிப்பெண் போட்டேன்.