நெல் ஸ்டோருக்குள் ஒரு வீடும் தையல் வேலைத்தளமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாமாவின் நெல் ஸ்டோர் எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. 60 அடி நீளம், 30 அடி அகலம், முகட்டில் 16 அடி உயரம். முன்பு அந்த வளவில் கிடுகுக் கொட்டில்தான் நின்றதாம். 1978 நவம்பர் சூறாவளி அதைக் கொண்டுபோன பிறகு மாமா கல்லும் சீமெந்துமாகக் கட்டி, மேலே அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருந்தார். இப்போது நானும் கணவரும் பிள்ளைகள் இரண்டு பேரும் அதற்குள்தான் இருக்கிறோம். பாதி வீடு, பாதி என் வேலைத்தளம். நாலு மெஷின், ஒரு வெட்டும் மேசை.

யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு மாரி மழையும் ஒரு கச்சான் காற்றும் (மேற்கிலிருந்து வீசும் சூட்டுக் காற்று) உள்ளே இருந்து பார்க்காமல் அறை பிரிக்காதீர்கள். நாங்கள் ஐப்பசியில் சாவி வாங்கி, அடுத்த ஆவணியில்தான் முதல் கல் வைத்தோம். ஏன் இழுக்கிறீர்கள் என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கார்த்திகையில் மழை அடித்த ஒவ்வொரு காலையும் நான் தையல் சோக்கை எடுத்துக்கொண்டு போய், தளத்தில் ஈரம் எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் கோடு போட்டுவிட்டு வருவேன். மார்கழி முடியும்போது வடகிழக்கு மூலையில் கோட்டுக்குமேல் கோடாகக் கிடந்தது. நாங்கள் படுக்கை அறை போட நினைத்திருந்த இடம் அதுதான்.

கச்சான் காலம் இன்னொரு பாடம் சொன்னது. ஆடி மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. சரி, குளியலறையும் சாமான் அறையும் மேற்கில் போகட்டும், அவை வெயிலையும் காற்றையும் தாங்கட்டும், நாம் அதற்கு இந்தப் பக்கம் படுப்போம் என்று முடிவெடுத்தோம். வெட்டும் மேசை வடக்கு யன்னலோரம். அந்த வெளிச்சத்தில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துப் பார்க்கலாம். வாடைக்காற்றில் மழை அந்தப் பக்கம்தான் சாய்ந்து அடிக்கும் என்பதால் யன்னலுக்குமேல் மூன்றடி தாழ்வாரம் இறக்கினோம்.

பணம் வீணானது சுவரில்தான். ஒரு மூலையில் மாமா பசளை மூட்டை அடுக்கி வைத்திருந்தார். அதன் உப்பு கல்லுக்குள் ஊறியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மேசன் புதுப் பூச்சுப் பூசி இரண்டு மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பிறகு இடுப்பளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கக் கல்லை வெறுமனே காயவிட்டு, பூத்த உப்பைத் தூரிகையால் கூட்டிக் கூட்டி எடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, உப்பு திரும்ப உள்ளே போய்விடும். நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தளத்துக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்துத்தான் கொங்கிறீற் போட்டோம்.

கூரை விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். பழைய சீற்றை கிரைண்டரால் அறுத்து இறக்கலாம் என்றார் வேலைக்கு வந்தவர். அஸ்பெஸ்டஸ் தூசு நெஞ்சுக்குள் போனால் அது வெளியே வராது. அதனால் வரும் நோய் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். தண்ணீர் தெளித்து, போல்ற்றைக் கழற்றி, முழுச் சீற்றாகவே இறக்கினோம். மேலதிகமாக இரண்டு நாள் கூலி போனது. இப்போது தகர சீற், கீழே வெள்ளிக் காப்புத்தாள், முகட்டில் சூடு வெளியேற வழி. மழை கொட்டும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது.

நீங்களும் கொட்டகை, மில், ஸ்டோர் எதையாவது வீடாக்கியிருந்தால் எழுதுங்கள்.

மருதமுனையிலிருந்து ஒருவர்

தங்கச்சி, சோக்குக் கோடு நல்ல யோசனை. எங்கட வாப்பாவின் தறிக் கொட்டகையை நான் வீடாக்கினேன். குழித்தறி இருந்த பள்ளத்தை மண் போட்டு மூடி அதற்குமேல் மாபிள் பதித்தோம். மார்கழியில் நிலத்தடித் தண்ணீர் ஏறியதும் சரியாக அந்தப் பள்ளத்தின் அளவுக்கு நாலு மாபிளும் இறங்கிவிட்டன. மண்ணைத் தட்டுத் தட்டாக, தண்ணீர் விட்டு இடித்து நிரப்பியிருக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டினோம். உங்கள் ஸ்டோரில் மில் மெஷின் நின்ற குழி ஏதும் இருந்ததா?

எழுதியவர்

இருந்தது நானா. மோட்டர் நின்ற மேடையை உடைத்தபோது கீழே ஒன்றரை அடிக் குழி. உங்களுக்கு நடந்ததைக் கேட்டதும் பயமாகத்தான் இருக்கிறது, நாங்களும் ஒரே தடவையில்தான் நிரப்பினோம். அதற்குமேல் இப்போது துணி ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெஷின் நிற்கிறது. இந்தக் கிழமையே அதை நகர்த்திவிட்டு, தளத்தைத் தட்டிச் சத்தம் பார்த்து எழுதுகிறேன்.