சாம்சோ தீவுப் பள்ளிப் பரிமாற்றம்: செல்போன் கணக்கு எங்கே உதைக்கிறது?

உப்புக்காத்து:
எராஸ்மஸ் பிளஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம்) வாரம், டென்மார்க்கின் சாம்சோ தீவு. ஜெர்மன் பிள்ளைகள், டேனிஷ் பிள்ளைகள். தலைப்பு திரைப் பழக்கமும் மின்சாரமும். இன்னும் உறுத்துவது வெள்ளைப்பலகையில் இருந்த ஒரு வரி: "அரை மணி நேர வீடியோ = 1.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு". அதற்குக் கீழே ஒரு பெண் பெருக்கிக்கொண்டே போகிறாள். மணிக்கு 3.2. நாளுக்கு 4 மணி, 24 பேர். 307 கிலோ! அறை கப்சிப். அடுத்த நிமிஷம் பாதிப் பேர் பலகையைப் படம் பிடித்து ஸ்டோரியில் போட்டாச்சு.

அந்த எண் 2019-ல் பிரான்சின் ஷிஃப்ட் ப்ராஜெக்ட் குழு தரப்பில் வந்தது. நொடிக்கு 3 மெகாபிட் என்று எடுக்க வேண்டிய இடத்தில் 3 மெகாபைட் என்று எடுத்துவிட்டார்கள். ஒரு பைட் என்பது 8 பிட், ஆக 8 மடங்கு. 2020-ல் அவர்களே திருத்திவிட்டார்கள், ஆனால் பழைய எண்தான் ஊர் சுற்றுகிறது. பிள்ளைகளே பிடித்திருக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு 10 நிமிஷம் வீடியோ ஓடட்டும், அந்த ஆப்பின் டேட்டா கணக்கை முன்னும் பின்னும் குறிக்கட்டும். 3 மெகாபைட் என்றால் 1,800 எம்பி போயிருக்க வேண்டும். 3 மெகாபிட் என்றால் 225 எம்பி. ஒன்று கவனம்: வீடியோ கொஞ்சம் முன்கூட்டியே இறக்கி வைக்கும், எண்ணும் உடனே ஏறாது. இரண்டு நிமிஷம் கழித்துப் பாருங்கள். சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு மணிக்கு 36 கிராம். அதைப் போட்டால் அந்த 307 கிலோ மூன்றரை கிலோ ஆகிவிடும்.

ஓமின் விதி:
சார், 3.2-ஐ 8-ஆல் வகுத்தால் 400 கிராம்தானே வருகிறது? 36 எப்படி வந்தது? பிட், பைட் குழப்பம் பாதிக் கதைதான். டேட்டா சென்டரும் நெட்வொர்க்கும் தின்னும் மின்சாரத்தையும் மிகையாகப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த குழு 400 என்று போஸ்டர் ஒட்டும்.

என் பங்குக்கு, பிளக் மீட்டரில் (சுவர் பிளக்கில் செருகி மின்சாரம் அளப்பது) வந்த 0.0. போன் சார்ஜ் ஏறுகிறது, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, "போன் கரண்டே எடுப்பதில்லை" என்று அறிக்கையில் எழுதியாகிவிட்டது. மலிவு மீட்டர்கள் 2, 3 வாட்டுக்குக் கீழே குருடு. நிரம்பும் தறுவாயில் போன் இழுப்பது அவ்வளவுதான். பத்துப் போனை ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு, எல்லாம் 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏறியதும் மொத்தத்தைப் பத்தால் வகுக்க வேண்டும்.

யூஎஸ்பி மீட்டர் வைத்தால் வேறு வம்பு. பேட்டரியில் 5,000 எம்ஏஎச் என்று அச்சடித்திருப்பது 3.85 வோல்ட்டில், அதாவது 19 வாட்-மணி சொச்சம். பிள்ளைகள் 5 வோல்ட்டால் பெருக்கி 25 என்பார்கள். வேக சார்ஜர் 9 வோல்ட்டுக்குத் தாவிவிட்டால் எம்ஏஎச் கணக்கே குழம்பும். வாட்-மணி வரியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். சார்ஜர் சூடாகும் நஷ்டமும் சேர்த்து சுவரில் ஒரு முழுச் சார்ஜுக்கு ஏறக்குறைய 25 வாட்-மணி. தினம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 9 யூனிட். மூலையில் சும்மா மினுக்கும் 10 வாட் ரவுட்டர்? 88 யூனிட்.

கிழக்கூரான்:
ஓம் தம்பி, கணக்குச் சரி. ஆனா அந்தத் தீவில எனக்கு மறக்கேலாதது வேற. "இந்தத் தீவு முழுக்கக் காத்தில ஓடுது" எண்டு ஒரு பெடியன் ரீல்ஸ் எடுக்கிறான். அவன்ர தோளுக்குப் பின்னால டீசல் டிராக்டர் ஒண்டு புகை விட்டுக்கொண்டு போகுது. அவனுக்குத் தெரியேல்ல. போட்டுட்டான்.

நடந்த விசயம் இதுதான். 1997-ல டென்மார்க் அரசு போட்டி வச்சு, புதுப்பிக்கத்தக்க சக்தியில ஓடுற தீவா மாறத் தெரிவு செய்த தீவு. கரையில ஒரு மெகாவாட் காத்தாலை 11. தெற்குக் கடலில 2.3 மெகாவாட்டில 10, அது 2003-ல இருந்து. கடலில நிக்கிறதைப் போட்டதே காரும் கப்பலும் எரிக்கிற எண்ணெய்க்கு ஈடுகட்டத்தான். வருசக் கணக்கில செலவை விட உற்பத்தி கூட, அவ்வளவுதான். காத்து இல்லாத நாளில பெருநிலத்தில இருந்து கேபிளால கரண்ட் வரும், அடிக்கிற நாளில வெளிய போகும். 2015-ல வந்த கப்பல்கூட இயற்கை எரிவாயுவில ஓடத்தான் கட்டினது.

பிள்ளையளைக் கேக்க வைக்க வேண்டிய கேள்வி மூண்டு: மின்சாரம் மட்டுமோ, சூடும் வண்டியும் சேர்த்தோ? வருசக் கணக்கோ, இந்த நிமிசமோ? காத்தாலை ஆரின்ர? கடைசிக் கேள்விக்குத்தான் அங்க நல்ல மறுமொழி இருக்கு. கரையில கனக்க விவசாயிகளின்ர. கடலில போட்டபோது பாதி நகரசபையின்ர. சின்னப் பங்கு வாங்கின சனமும் இருக்கு. தன்ர காத்தாலை சுத்துற சத்தம் ஆருக்கும் இரைச்சலாத் தெரியாது.

வைக்கோல்போர்:
காற்றாலையை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், வைக்கோல் கொதிகலனை யாரும் எடுப்பதில்லை. தீவின் பல வீடுகளுக்குச் சூடு அங்கிருந்துதான் குழாயில் போகிறது. ஒரு பெரிய வைக்கோல் கட்டு 600 கிலோ என்று வையுங்கள், கிலோவுக்கு 4 யூனிட், ஆக 2,400 யூனிட். ஒரு கட்டில் 260 போன் ஒரு வருஷம் ஓடும் என்று ஒரு பையன் கண்டுபிடித்தான். கைதட்டல்.

கேட்காத அறிவுரை ஒன்று. திரை நேர டைரியை வந்திறங்கிய பிறகு ஆரம்பிக்காதீர்கள். பயண வாரத்தில் பஸ், கப்பல், புது நண்பர்கள் என்று பழக்கமே மாறிவிடும். ஊரில் இருக்கும் முந்தைய வாரத்தை எடுங்கள். முதலில் போனைத் திறக்காமல் "நாளுக்கு எத்தனை மணி?" என்று உத்தேசமாக எழுதி மடித்துக் கொடுக்கட்டும். அப்புறம் திறக்கட்டும். ஐபோனில் சாதனங்களுக்கிடையே பகிர்வு போட்டிருந்தால் ஐபேட் நேரமும் சேர்ந்துவிடும், ஆண்ட்ராய்டில் திரையை அணைத்துவிட்டுக் கேட்ட பாட்டு கணக்கில் வராது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு "ஜெர்மன்காரர் அதிகம், டேனிஷ்காரர் குறைவு" என்றால் அது போன் கம்பெனி வித்தியாசமாகவும் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் வாங்கவே வாங்காதீர்கள். எந்தப் பிள்ளை எந்த ஆப்பில் இருக்கிறது என்பது வகுப்புக்கு எதற்கு? வீடியோ, அரட்டை, விளையாட்டு, பாட்டு என்று நான்கு எண், மேலே பெயருக்குப் பதில் குறி எண், காகிதத்தில்.

ஓமின் விதி:
கைதட்டினார்களா! அந்த 2,400 வெப்பம், மின்சாரம் இல்லை. வைக்கோலை எரித்து வெந்நீர் வைத்தால் போன் சார்ஜ் ஏறாது. அந்தப் பையன் வெந்நீரோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். எட்டு நிமிஷக் குளியல், நிமிஷத்துக்கு 9 லிட்டர், 30 டிகிரி ஏற்றம்: இரண்டரை யூனிட். நூறு போன் சார்ஜ். விருந்தாளிப் பிள்ளை காலையில் குளியலறையில் எவ்வளவு நேரம் என்று எந்த வீட்டுக்காரரையும் கேட்டுப் பாருங்கள்.

நிழல்:
குளியல் சண்டையை விடுங்கப்பா. சூரியத் தகட்டில் ஒரு பெண் உள்ளங்கையை வைத்ததைச் சொல்கிறேன். 12 வோல்ட் சிறு தகடு, 36 செல் தொடராக. ஒரே ஒரு செல்லைக் கையால் மூடினாள். மல்டிமீட்டர் 20 வோல்ட் சொச்சம், அசையவில்லை. "நிழல் பாதிக்காது" என்று எழுதப் போனார்கள். சுமை இல்லாத வோல்ட்டேஜ் பார்த்தால் அப்படித்தான் ஏமாற்றும். ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி ஆம்பியர் பாருங்கள், அதே கைக்குப் பல்பு அணைந்தே போகும். ஒரு செல் அடைபட்டால் வரிசையே அடைபடும், சிறு தகடுகளில் பலவற்றில் பைபாஸ் டையோடு (அடைபட்ட செல்லைச் சுற்றி மின்னோட்டத்தை விடும் பாகம்) கிடையாது.

இன்னொன்று, அக்டோபர் நடுவில் அங்கே உச்சி வெயிலே 26 டிகிரி உயரம்தான். மேசையில் படுக்கவைத்தால் பாதிகூட வராது. 60 டிகிரிக்கு மேல் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். போனை நேரடியாகத் தகட்டில் மாட்டாதீர்கள். மேகம் கடந்ததும் சார்ஜ் நின்றுவிடும், வெயில் திரும்பினாலும் சில போன் மறுபடி ஆரம்பிக்காது. நடுவில் ஒரு பவர் பேங்க் போடுங்கள்.

உப்புக்காத்து:
பல்பு எத்தனை வாட்?

நிழல்:
5 வாட், பழைய இழை பல்பு. எல்ஈடி வேண்டாம், அதில் உள்ள சர்க்யூட் கொஞ்ச மின்னோட்டத்திலேயே எரிந்து வித்தியாசத்தை மறைத்துவிடும்.