யூரியா டேங்க் நிறைந்திருக்கிறது, மீட்டர் காலி என்கிறது: உதவி வேண்டும்

குளச்சல் ஆறுசக்கரம்:

வணக்கம். என்னுடையது 2021 மாடல் ஆறுசக்கர லாரி, பிஎஸ்-6. அதாவது, புகையைச் சுத்தம் செய்ய டீசலோடு தனி டேங்கில் யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டிய வண்டி. குளச்சலில் மீன் ஏற்றி, கருங்கல், மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை தாண்டிப் போவதுதான் பிழைப்பு.

போன செவ்வாய் இரவு கருங்கல் தாண்டியதும் யூரியா மீட்டரில் கோடு எல்லாம் அணைந்து மஞ்சள் விளக்கு எரிந்தது. அன்று காலையில்தான் இருபது லிட்டர் கேன் ஒன்றை முழுவதும் ஊற்றியிருந்தேன். ஓரமாக நிறுத்தி, நீல மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கழுத்து வரை நிற்கிறது. இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். மூன்றாம் நாள் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. யூரியா இல்லை என்று நினைத்து வண்டியின் கணினியே இன்ஜின் சக்தியைக் குறைத்துவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார்.

பட்டறையில் ஸ்கேனர் மாட்டி, எஸ்பிஎன் 1761, எஃப்எம்ஐ 9 என்று பிழை எண்களை எழுதிக் கொடுத்தார்கள். முதலாவது எதில் கோளாறு என்பது, இரண்டாவது என்ன வகைக் கோளாறு என்பது. டேங்கின் மேல் உட்காரும் சென்சார் யூனிட்டை முழுவதுமாக மாற்ற வேண்டுமாம். அவர்கள் சொன்ன விலை என் ஒரு மாதத் தவணையை விட அதிகம். மாற்றிய பிறகும் இதே விளக்கு எரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தோவாளை பூவண்டி:

எனக்கும் இதே தொல்லை வந்தது. ஆனால் தப்பு என்னுடையது. கேன் விலை ஏறிவிட்டது என்று, உரக்கடையில் யூரியா மூட்டை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். 2015 முதல் நம் நாட்டில் உர யூரியா எல்லாம் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெயும் கிணற்று நீரின் சுண்ணாம்பும் சேர்ந்து, டேங்குக்குள் மட்டம் காட்டும் மிதவையைத் தண்டோடு ஒட்டிவிட்டன. கழற்றி, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்துத்தான் அசைத்தோம். நீங்களும் அந்தப் புத்திசாலித்தனம் செய்திருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

குளச்சல் ஆறுசக்கரம்:

இல்லை அண்ணே, பங்கில் வாங்கும் சீல் போட்ட கேன்தான்.

ஒரே பெட்டி, ஒரே தீர்வு:

எதற்கு இத்தனை பாடு? சென்சார் நன்றாக இருப்பதாக வண்டியை ஏமாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. மாட்டிவிட்டால் யூரியாச் செலவே கிடையாது.

தக்கலை எலக்ட்ரீஷியன்:

பெட்டிக்காரரே, யூரியா போகாவிட்டால் புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே வரும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் அபராதம் கட்டப்போவது வண்டிக்காரர்தான், நீங்கள் அல்ல. அந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

குளச்சல் தம்பி, முப்பது வருடம் லாரி வயரிங்கில் கிடந்தவன் சொல்கிறேன், பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1761 என்பது யூரியா மட்டம். அதன் பின்னால் வரும் எண்தான் முக்கியம். 1 அல்லது 18 வந்தால் டேங்கில் உண்மையாகவே குறைவு. 3, 4 வந்தால் மின்னழுத்தம் மேலேயோ கீழேயோ போய்விட்டது. வயர் அறுந்ததா, எங்காவது உரசிச் சேர்ந்ததா என்று தேட வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது 9. சென்சாரிடமிருந்து கணினிக்குச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆள் செத்தாலும் கடிதம் வராது, தபால்காரர் வராவிட்டாலும் வராது. பட்டறையில் முதலாவதை மட்டும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சீட்டில் வேறு எண்கள் இருந்தனவா? 3031 என்பது டேங்கின் வெப்பநிலை, 3364 என்பது யூரியாவின் தரம். உங்கள் மாடலில் மூன்றையும் ஒரே யூனிட் பார்க்கிறது என்றால் சுலபம். மட்டம் மட்டும் போயிருந்தால் யூனிட்டைச் சந்தேகிக்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் போயிருந்தால், அதற்குக் கரண்டோ எர்த்தோ போய்ச் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. மீன் வண்டி என்கிறீர்கள். கனெக்டரில் வெள்ளையாகப் பொடி இருக்கும், பாருங்கள். அது யூரியாவா, கடல் உப்பா? கொஞ்சம் உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். யூரியா கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், கை ஜில்லென்று இருக்கும். உப்பு அப்படிக் குளிராது. யூரியாவாக இருந்தால் யூனிட்டே கசிந்து, வயரின் செம்பு இழை வழியாக ஏறுகிறது என்று பொருள். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

சாவியை அணைத்ததும் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். பம்ப் குழாயில் இருக்கும் யூரியாவைத் திரும்ப டேங்குக்கு இழுக்கும், சில நிமிடம் பொறுங்கள்.

குளச்சல் ஆறுசக்கரம்:

அண்ணாச்சி, சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றும் இருக்கின்றன, மூன்றுக்கும் 9. பட்டறையில் முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கனெக்டரில் வெள்ளைப் பொடி இருந்தது, இரண்டு பின் பச்சையாகப் பூத்திருந்தது. நீல மூடியின் கழுத்தில் காய்ந்திருந்த பொடியை ஒரு கையிலும் கனெக்டர் பொடியை மறு கையிலும் வைத்துத் தண்ணீர் விட்டேன். மூடிப் பொடி ஐஸ் தொட்டதுபோல் குளிர்ந்தது. மற்றது சும்மா கிடந்தது. கிளீனர் பையன் நம்பாமல் தன் கையில் இன்னொரு முறை செய்து பார்த்தான்.

தக்கலை எலக்ட்ரீஷியன்:

அப்படியென்றால் உப்பு. யூனிட் பிழைத்தது என்றே நினைக்கிறேன். பின்களைச் சுத்தம் செய்துவிட்டு, வயர் பக்கத்துக் கனெக்டரில் சாவி போட்டு வோல்ட் பாருங்கள். 24 காட்டினால் உடனே திருப்திப்பட வேண்டாம். அரித்த வயரில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 24 காட்டும். 24 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றைக் கரண்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் பிடியுங்கள். மங்கலாக எரிந்தால், பல்பின் எர்த் பக்க முனையை மட்டும் எடுத்துச் சேசிஸில் சுரண்டிய இரும்பில் வையுங்கள். அப்போது பளிச்சென்று எரிந்தால் எர்த் வயரில்தான் கோளாறு. தகவல் போகும் மற்ற இரண்டு பின்களில் பல்பைக் காட்டவே கூடாது. அவற்றுக்கு நடுவே, பேட்டரி கழற்றிய நிலையில் சுமார் 60 ஓம் வந்தால் போதும்.

குளச்சல் ஆறுசக்கரம்:

முடிந்தது அண்ணாச்சி! 60 ஓம் சரியாக வந்தது. மீட்டரில் 24 வோல்ட். ஆனால் பல்பு திருவிழா முடிந்த மறுநாள் சீரியல் செட் மாதிரி மங்கிக் கிடந்தது. எர்த் பக்க முனையைச் சேசிஸில் வைத்த உடனே பளிச்சென்று எரிந்தது. அந்த எர்த் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சேசிஸில் போல்ட் போட்டிருக்கும் வளைய முனை, நேர் மேலே பாடியின் தண்ணீர் ஓட்டை. மீன் பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் எல்லாம் மூன்று வருடமாக அந்தப் போல்ட்டின் தலையில்தான் சொட்டியிருக்கிறது. வளையத்தைத் தொட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்துவிட்டது.

புது முனை அடித்து, இரும்பைச் சுரண்டி, கிரீஸ் பூசி, ஓர் அடி மேலே மாற்றிப் போட்டேன். செலவு நூற்றிருபது ரூபாய், அதில் பல்பு வேறு. மீட்டரில் கோடுகள் எல்லாம் வந்துவிட்டன, பிழை எண்களை அழித்த பிறகு விளக்கும் இல்லை. நேற்று இரவு முழு லோடு சாளையோடு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறினேன்.

தக்கலை எலக்ட்ரீஷியன்:

நல்லது. அந்த ஓட்டைக்கு ஒரு ஓஸ் மாட்டி, தண்ணீரைச் சேசிஸைத் தாண்டி வெளியே விடுங்கள். கனெக்டர் பச்சைப் பின்கள் இரண்டையும் இந்த மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள், சுரண்டிய பின் நாள் தாங்காது.