புதுப்பிப்பு: சியாட்டிலா, வான்கூவரா? முடிவு எடுத்தாச்சு

ஹெச்-1பி-யில் (அமெரிக்காவின் தற்காலிக வேலை விசா) சியாட்டிலில் இருக்கிறேன், கனடா பி.ஆர். (நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை) கிடைத்துவிட்டது, வான்கூவருக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா? போகிறோம். சம்பளம் நன்றாகவே குறையும், வாடகை ஒன்றும் குறையாது, அந்த உறுத்தல் இருக்கிறது. ஆனால் இங்கே கிரீன் கார்டு (அமெரிக்காவின் நிரந்தரக் குடியிருப்பு உரிமை) வரிசை பிறந்த நாட்டை வைத்து, ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுதோறும் தரும் கார்டுகளில் 7 சதவீதம்தான். நான் நாளைக்கே கனடாக் குடிமகன் ஆனாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். சிலர் பயமுறுத்தினார்கள், ஆனால் ஒப்புதலான ஐ-140-இன் (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் நம் இடம், நாட்டை விட்டுப் போவதால் காலியாகாது, வக்கீலிடமும் கேட்டாச்சு. கனடாவில் 5 வருடத்தில் 1,095 நாள் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மனைவிக்கும் பி.ஆர். என்பதால் வேலைக்குத் தனி அனுமதி வேண்டாம், உண்மையில் தராசு சாய்ந்தது அங்கேதான். அப்புறம், பழைய காரை எல்லை தாண்டிக் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விற்றுவிடுவதா என்று குழப்பம்.